கரண்டோட சேர்த்து வாராவாரம் ஊசியும் போடணுமாம், அம்மா தாங்குவாகளா?

தங்கச்சிமடம் மகள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயசு 54. கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து கடல்ல முங்கி பாசி எடுக்குறவுக. தூரம் நின்னு சில வருசம் ஆச்சு. இந்தப் பொங்கலுக்கு அப்புறம் திரும்ப ரத்தம் பட ஆரம்பிச்சிருக்கு. யார்கிட்டயும் சொல்லல. உப்புத்தண்ணியில நாள் பூரா கிடக்குறதால வந்த புண்ணுன்னு அவுகளே முடிவு பண்ணிக்கிட்டாக. இடுப்பு வலி தாங்காமப் போன பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

மதுரையில பெரிய ஆஸ்பத்திரியில சதை எடுத்துப் பார்த்து, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், 3பி நிலைன்னு எழுதிக் குடுத்திருக்காக. இடது கிட்னி வீங்கியிருக்காம். ஆபரேசன் வேண்டாம், கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கலாம்னு சொன்னாக. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் தினமும் வெளியிலேர்ந்து, மொத்தம் 25 தடவை. அது முடிஞ்சதும் உள்ள வச்சுக் குடுக்குற கரண்ட் சில தடவை. இது வரைக்கும் புரிஞ்சுச்சு. கூடவே வாரம் ஒருதரம் சிஸ்பிளாட்டின்னு ஒரு ஊசி டிரிப்ல ஏத்தணுமாம். அது கட்டியை கரண்டுக்கு இளக்கிக் குடுக்கும்னு சின்ன டாக்டர் ஒருத்தர் சொன்னார். அவரைச் சுத்தி இருபது பேர் நின்னாக, மேல கேக்க முடியல.

வீட்டுக்கு வந்தா ஆளாளுக்கு ஒன்னு சொல்றாக. ஊசி போட்டா முடி கொட்டிரும், கிட்னி போயிரும், கரண்டு மட்டும் போதும்னு பெரியம்மா சொல்றாக. அம்மாவும் அதையே பிடிச்சுக்கிட்டாக. எடை 46 கிலோதான். ஹீமோகுளோபின் 8.6, ரத்தம் ஏத்தணும்னு சொல்லியிருக்காக. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் 1.1, எங்க ஊர் லேப்ல அது நார்மல்னு போட்டிருக்கு. நார்மல்னா எதுக்கு கிட்னி பக்கம் ஸ்டென்ட்னு ஒரு சின்னக் குழாய் வைக்கணும், அதுக்குப் பிறகுதான் ஊசியான்னு பார்க்கணும்னு சொல்றாக? ஊசியே வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா கரண்டை மட்டும் வைப்பாகளா? அதுனால என்ன குறையும்?

தம்பி விசைப்படகுல போறவன். இப்ப தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் அவன் அம்மாகூட மதுரையில இருக்க முடியும். அதுக்குள்ள பெரும்பகுதி முடிஞ்சா நல்லாருக்கும். தெரிஞ்சவுக சொல்லுங்க.

—

உச்சிப்புளி விவசாயி:

தங்கச்சி, பயப்படாதீங்க. என் சித்தி ஒருத்தவங்க கரண்ட் வைக்கும்போது தினமும் பப்பாளி இலைச் சாறும் வைட்டமின் ஈ மாத்திரையும் எடுத்தாங்க, உடம்பு சூடு தெரியல. மூலிகைக் கஷாயம் ஒன்னு இருக்கு, வேணும்னா சொல்றேன். ஊசியால வர்ற விஷத்தை அது முறிச்சிரும்.

—

ஓய்வு பெற்ற சிஸ்டர், தேவிபட்டினம்:

மகளே, கதிர்வீச்சு வார்டுலயும் டே கேர்லயும்தான் என் சர்வீஸ்ல பாதி போச்சு. டாக்டர் இல்ல நான். அம்மாவோட ஃபைலைப் பார்க்காம போடலாம், வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஊசி எதுக்குன்னு சொல்ல முடியும்.

முதல்ல ஒன்னு. இதை "கீமோவும் கரண்டும்" என ரெண்டு வைத்தியமா எண்ணாதீங்க. இங்க வைத்தியம் கரண்டுதான். ஊசி அதுக்குக் கையாள். கதிர் பட்டதும் புற்றுச் செல்லோட டிஎன்ஏ இழை அறுந்து போகும். ஆனா அந்தச் செல் சும்மா இருக்காது, அடுத்த நாள் கதிர் வர்றதுக்குள்ள அறுந்ததை ஒட்டப் பார்க்கும். சிஸ்பிளாட்டின்ல இருக்குற பிளாட்டினம் அதே டிஎன்ஏயில போய்க் குறுக்கும் நெடுக்குமா முடிச்சுப் போட்டுரும். கிழிஞ்ச வலையைக் கரையில உக்காந்து பின்றவன் கையைக் கட்டிப் போட்ட மாதிரி. ஒட்ட முடியாத செல், அடுத்து ரெண்டாப் பிரியப் போகும்போது செத்துப் போகும். அதனாலதான் அளவும் கம்மி. உடம்போட பரப்பளவு ஒரு சதுர மீட்டருக்கு 40 மில்லிகிராம், வாரம் ஒருதரம், வழக்கமா அஞ்சு வாரம். உங்க அம்மா உயரம், எடைக்கு 55, 60 மில்லிகிராம்தான் வரும். இந்த மருந்துல, இந்த அளவுல, முடி பெருசாக் கொட்டாது. பெரியம்மா பார்த்தது வேற மருந்தா இருக்கும்.

இந்த மருந்து கிடைச்ச கதை எனக்குப் பிடிக்கும். 1965-ல அமெரிக்காவுல ரோசன்பெர்க்னு ஒருத்தர் பாக்டீரியா இருந்த தண்ணிக்குள்ள பிளாட்டினம் கம்பி வழியா நிஜமாவே கரண்ட் விட்டுப் பார்த்திருக்கார். பாக்டீரியா பிரியறதை நிறுத்திருச்சு. கரண்டால இல்ல, கம்பியிலேர்ந்து கரைஞ்ச பிளாட்டினத்தாலன்னு பிறகுதான் கண்டுபிடிச்சாங்க.

"ஊசி இல்லாட்டி என்ன குறையும்"னு கேட்டீங்கல்ல, அதுக்கு நேரடியா பதில் இருக்கு. 1999 பிப்ரவரியில அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நாடு முழுக்க டாக்டர்களுக்கு ஒரு அறிவிப்பு அனுப்பிச்சு. அஞ்சு ஆராய்ச்சியில கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கரண்டோட சிஸ்பிளாட்டின் சேர்த்தவங்க கூடுதலாப் பிழைச்சிருக்காங்க, இதை யோசிங்கன்னு. ஆனா அதெல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டுப் பொம்பளைங்க. ரத்தசோகையும் முத்திப்போன நோயுமா வர்ற நம்ம பொம்பளைங்க தாங்குவாங்களாங்கற கேள்வி அப்ப எல்லாருக்கும் இருந்துச்சு. அதுக்கு மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில 2003-லேர்ந்து 2011 வரைக்கும் 850 பேரைச் சேர்த்துப் பார்த்தாங்க. அத்தனை பேரும் உங்க அம்மா மாதிரியே 3பி நிலை. அஞ்சு வருசம் கழிச்சு உயிரோட இருந்தது, கரண்டு மட்டும் வாங்குனவங்கள்ல நூத்துக்கு 46 பேர். ஊசியும் சேர்ந்தவங்கள்ல 54 பேர். எட்டுப் பேர் வித்தியாசம். அது பெருசா சிறுசான்னு ஒவ்வொரு குடும்பமும் தானே முடிவு பண்ணிக்கணும். எனக்குக் கேட்டா பெருசுதான். ஆனா அந்த 46-ஐயும் பாருங்க. கரண்டு தனியாவே பாதி வேலையைச் செய்யுது. ஊசி போட முடியலன்னா எல்லாம் போச்சுன்னு உக்காந்து அழ வேண்டியதில்ல.

இப்ப கிட்னி விசயம். லேப் ரிப்போர்ட்ல 1.1-க்குப் பக்கத்துல நார்மல்னு இருக்கும், அது 70 கிலோ ஆம்பளைக்கும் அதேதான் போடும். வயசு, எடை, ஆணா பெண்ணான்னு எல்லாம் சேர்த்து ஒரு கணக்கு உண்டு. 54 வயசு, 46 கிலோ, பொம்பளைன்னு போட்டா கிட்னி நிமிசத்துக்கு சுமார் 42 மில்லிதான் வடிகட்டுது. சிஸ்பிளாட்டினுக்கு வழக்கமா 50-க்கு மேல எதிர்பார்ப்பாங்க. கட்டி சிறுநீர்க் குழாயை நெருக்குறதால இடது கிட்னி வீங்கியிருக்கு. ஸ்டென்ட் வச்சு வழி விட்டா அந்த எண் ஏற வாய்ப்பிருக்கு. அதுக்காகத்தான் "வச்சுட்டுப் பார்ப்போம்"னு சொல்லியிருப்பாங்க. உங்க டாக்டர் சரியான வரிசையிலதான் போறார்.

ரத்தம் ஏத்தச் சொன்னதும் இதே கதைதான். கதிர் அறுத்ததை நிரந்தரமாக்க ஆக்சிஜன் வேணும். ஆக்சிஜன் எட்டாத செல்லைக் கொல்ல ரெண்டரை, மூணு மடங்கு கதிர் தேவைப்படும். இது 1950-கள்லேயே தெரிஞ்ச விசயம். 8.6-ஐ வச்சுக்கிட்டு அஞ்சு வாரம் படுத்தா ஊசி எதுக்கு, கரண்டோட பலனே குறையும். 10-க்கு மேல வைக்கப் பார்ப்பாங்க. (டென்மார்க்ல தொண்டைப் புற்றுக்கு, ஆக்சிஜன் செய்யற வேலையைச் செய்ய நிமோரசோல்னு ஒரு மாத்திரையே கரண்டோட குடுக்குறாங்க. நம்ம வீட்ல வயித்தாலைக்கு வாங்குற மெட்ரோனிடசோலோட பங்காளி அது. நம்ம பக்கம் யாரும் எழுதி நான் பார்த்ததில்ல.)

கெட்டதையும் சொல்லிடறேன். இந்த ஊசி புற்றை மட்டும் பார்த்து இளக்காது. கதிர் போற வழியில குடல் இருக்கு, மூத்திரப்பை இருக்கு, இடுப்பெலும்புக்குள்ள ரத்தம் ஊறுற மஜ்ஜை இருக்கு. அதுங்களும் கூடுதலா அடி வாங்கும். மூணாவது வாரத்துல வயித்தால போக ஆரம்பிக்கும். வாந்தி ஊசி போட்ட அன்னிக்கு மருந்துல அடங்கியிருந்தாலும், ரெண்டாம் நாள் மூணாம் நாள் வரும், அதுக்குள்ள நீங்க மாத்திரையை நிறுத்தியிருப்பீங்க. வயித்தாலையும் வாந்தியும் சேர்ந்தா உடம்புல தண்ணி வத்தும். தண்ணி வத்துன உடம்புல சிஸ்பிளாட்டின் கிட்னியைப் பிடிக்கும். நான் வார்டுல பயந்தது இந்தச் சங்கிலியைத்தான். அதனால எங்க வார்டுல ஊசிக்கு முன்னாடி சலைன் ஏத்துவோம், மக்னீசியம் கலந்து ஏத்துவோம், ஒன்னுக்குப் போறதை அளவு ஜாடியில பிடிச்சு எழுதுவோம். அளவு வராம மருந்து பாட்டிலைத் தொட மாட்டோம். "எத்தனை தடவை போனேன்னு கேக்குறாளே வெக்கங்கெட்டவ"ன்னு என்னைத் திட்டுன பாட்டிகள் நிறைய. உங்க அம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க.

வீட்ல இருந்து மூணு விசயம் பார்த்துக்கோங்க. இடுப்பு வலிக்குன்னு மருந்துக் கடையில டைக்ளோபெனாக், புரூஃபன் வாங்கிக் குடுக்காதீங்க, ரெண்டும் கிட்னிக்கு ஆகாது. பாராசிட்டமால் போதலன்னா ஆஸ்பத்திரியில கேளுங்க. காது இரையுதுன்னு சொன்னா அடுத்த ஊசிக்கு முன்னாடியே சொல்லிடுங்க. அப்புறம், மருந்தை வெளியில வாங்கி வரச் சொன்னா பிரிட்ஜ்லயோ ஐஸ்லயோ வைக்காதீங்க. எங்க வார்டுக்கு ஒருத்தர் ராம்நாட்லேர்ந்து மீன் பெட்டியில ஐஸ் போட்டு, நடுவுல சிஸ்பிளாட்டின் பாட்டிலைப் பத்திரமாப் புதைச்சுக் கொண்டு வந்தார். வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா அடியில மஞ்சளா உப்புக் கல் மாதிரி படிஞ்சு கிடந்துச்சு. குளிர்ந்தா அது அப்படித்தான். மனுசன் அவ்வளவு கவனமாக் கொண்டு வந்திருந்தார், திட்டவும் மனசு வரல.

உச்சிப்புளித் தம்பி, நல்ல மனசோட சொல்றீங்க, ஆனா இந்த அஞ்சாறு வாரத்துக்கு வேண்டாம். கதிர் வேலை செய்யறதே செல்லுக்குள்ள அந்த "விஷத்தை" உண்டாக்கித்தான். அதை முறிச்சா புற்றுக்கும்தான் காவல். கனடாவுல தலை, கழுத்துப் புற்று இருந்த 540 பேருக்கு வைட்டமின் ஈ குடுத்துப் பார்த்தாங்க, ஆரம்பத்துல பீட்டா கரோட்டினும் சேர்த்து. 2005-ல முடிவு வந்துச்சு. பீட்டா கரோட்டினும் சேர்த்து எடுத்தவங்களுக்குப் புண், எரிச்சல் குறைஞ்சுச்சு. ஆனா புற்று அதே இடத்துல திரும்ப வர்றது கூடுற பக்கம் சாய்ஞ்சுச்சு. கஷாயம் வேற, அதுல என்ன இருக்குன்னு தெரியாம கிட்னியை எப்படிக் காப்பாத்துறது? மீன் குழம்பு, முட்டை, கீரை, மோர், இதெல்லாம் சாப்பாடு, தாராளமாச் சாப்பிடட்டும்.

—

கீழக்கரை காக்கா:

சிஸ்டர் சொன்னதோட ஒன்னு சேர்த்துக்குறேன். எங்க வாப்பாவுக்குத் தொண்டையில வந்துச்சு. சங்கு அறுக்குற பட்டறையிலயே வாழ்ந்தவங்க, அந்தச் சத்தத்துல ஒரு காது ஏற்கனவே போச்சு. சிஸ்பிளாட்டின் மிச்சக் காதையும் கெடுக்கலாம்னு டாக்டர் போட மாட்டேன்னுட்டார். அப்ப கரண்டு மட்டும்தானான்னு நாங்க தலையில கை வச்சோம்.

அப்புறம்தான் டோசிடாக்செல்னு வேற ஒன்னை வாரம் ஒருதரம் ரொம்பக் கொஞ்ச அளவுல போடலாம்னு சொன்னாங்க. இதுவும் டாடா மெமோரியல்ல செஞ்சு பார்த்ததுதான், 2023-ல வெளியிட்டாங்க. சிஸ்பிளாட்டின் ஒத்துக்காத தலை, கழுத்து நோயாளிகள் 356 பேர். ரெண்டு வருசம் கழிச்சு உயிரோட இருந்தவங்க, கரண்டு மட்டும்னா நூத்துக்கு 42 பக்கம், டோசிடாக்செல்லோட 51 பக்கம். டாக்டர் ரூம்ல அந்தப் பேப்பரை எடுத்துக் காட்டினார். இது தலை, கழுத்துக்குத்தான், தங்கச்சி. உங்க அம்மாவுக்கு இதைக் கேக்காதீங்க. நான் சொல்ல வந்தது, ஒரு மருந்து ஆகலன்னா அதோட கதவு மூடிரலங்கறதை. கார்போபிளாட்டின் மாதிரி வேற ஏதாவது இருக்கான்னு கேட்டுப் பாருங்க.

லேசாப் போச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். நாலாவது வாரம் வாய் பூரா வெள்ளைப் புண். எச்சில் முழுங்க முடியாம வாப்பா துண்டுல துடைச்சுத் துடைச்சு உக்காந்திருந்தாங்க. மூக்கு வழியா டியூப் போட்டு உம்மா கஞ்சியை வடிகட்டி சிரிஞ்சுல ஊத்துவாங்க. நோன்புக் கஞ்சி வாசம் வருது, ருசி வரலன்னு எழுதிக் காட்டுவாங்க. ஒரு வாரம் ஊசியை விட்டோம், ரத்த அணு குறைஞ்சு போச்சு. கரண்டை ஒரு நாளும் விடல.

எங்களை நோகடிச்சது மருந்து இல்ல, இன்சூரன்ஸ் பேப்பர். முதலமைச்சர் காப்பீட்டுல கரண்டுக்கு ஒப்புதல் வந்துருச்சு, ஊசிக்குத் தனியா எழுதணும்னு ஒரு கவுன்டர்ல சொல்லி, அடுத்த கவுன்டர்ல சேர்ந்துதான் வரும்னு சொல்லி, அலைய விட்டாங்க. ஆரம்பிக்கும்போதே காப்பீட்டு மேசையில ரெண்டும் சேர்த்து எழுதியிருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. ரேஷன் கார்டுல அம்மா பேர் எழுத்து ஆதாரோட ஒத்துப் போகுதான்னும் பாருங்க.

—

தங்கச்சிமடம் மகள்:

சிஸ்டர், காக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். ஒன்னுக்கை அளக்குறதைக் கேட்டதும் "கடல்ல யாரு அளந்தா"ன்னு சிரிச்சாக. ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிச்சாக. ஸ்டென்ட் வைக்க திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காக.

இன்னும் ரெண்டு சந்தேகம். அணு குறைஞ்சு ஒரு வாரம் ஊசி போடலன்னா, அது தேறுற வரைக்கும் கரண்டையும் நிறுத்தி வச்சு ரெண்டையும் சேர்த்தே தொடங்குறது நல்லதா? ஊசி இல்லாம வைக்குற கரண்டு வீண்தானேன்னு தம்பி கேக்குறான். இன்னொன்னு, மே கடைசியில சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். அம்மாதான் முன்ன நிக்கணும். ஒரு வாரம் ஊர்ல இருந்துட்டுப் போனா பரவாயில்லையா? மதுரைக்கும் எங்க ஊருக்கும் பஸ்ல நாலு மணி நேரத்துக்கு மேல ஆகுது, அன்னாடம் வந்து போக ஏலாது.

—

ஓய்வு பெற்ற சிஸ்டர், தேவிபட்டினம்:

தம்பி கேட்டது நல்ல கேள்வி, பதில் தலைகீழ். ஊசி நின்னா கரண்டு நிக்கக் கூடாது. ரத்த அணுவோ கிரியாட்டினினோ சரியில்லன்னா ஊசியை ஒரு வாரம் தள்ளுவாங்க, இல்ல அந்த வாரத்தை விட்டே விடுவாங்க. அஞ்சுல நாலு போட்டாலும் பலன் உண்டு. ஆனா கரண்டுல இடைவெளி விழுந்தா, மிச்சமிருக்குற புற்றுச் செல் அந்த நாள்ல வேகமாப் பெருகும். வெளிக் கரண்டு, உள் கரண்டு எல்லாம் சேர்த்து எட்டு வாரத்துக்குள்ள முடிக்கணுங்கறது கணக்கு. அதைத் தாண்டுற ஒவ்வொரு நாளுக்கும் கட்டி அடங்குற வாய்ப்பு நூத்துக்கு ஒன்னு கிட்டக் குறையும்னு சொல்லுவாங்க. ஒரு வாரம் ஊர்ல இருந்து அந்த எட்டு வாரத்தைத் தாண்டிட்டா, இந்த ஊசியால அம்மா என்ன சம்பாதிச்சாங்களோ அதுல பாதிக்கு மேல அந்தக் கல்யாணத்துக்கு மொய் எழுதிட்டு வந்த கணக்குதான். அணு ரொம்பவே விழுந்து டாக்டரே நிறுத்தினா அது வேற, நீங்களா நிறுத்தாதீங்க.

கல்யாணம் சனி, ஞாயிறுல வருதான்னு பாருங்க. வெள்ளிக்கிழமை கரண்டை முடிச்சுட்டுக் கிளம்பலாம், ஞாயிறு ராத்திரி மதுரை திரும்பிடணும். ஊசி அந்த வாரம் திங்களோ செவ்வாயோ விழுற மாதிரி கேட்டுக்கோங்க, வாந்தி அடங்குன பிறகு பயணம் இருக்கும். முகூர்த்தம் வாரநாள்ல வந்தா அம்மா முன்ன நிக்க வேண்டாம், போன்ல பார்க்கட்டும். சித்தப்பா கோவிச்சா என் பேரைச் சொல்லுங்க.

தங்குறதுக்கு, ஆஸ்பத்திரியில சமூகப் பணியாளர்னு ஒருத்தங்க இருந்தா முதல் நாளே போய்ப் பாருங்க. கரண்டுக்கு வர்ற வெளியூர்க்காரங்க தங்குற மலிவான இடம் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தனியா ரூம் எடுத்தா கழிப்பறை பக்கத்துல இருக்கணும், மூணாவது வாரம் நான் சொன்னது புரியும். தினமும் மெசின்ல படுக்குறதுக்கு முன்னாடி மூத்திரப்பை நிறைய தண்ணி குடிச்சு வரச் சொல்லுவாங்க, குடல் கொஞ்சம் மேல தள்ளிப் போகும். வரிசை நீளமா இருக்குன்னு அம்மா முன்னாடியே போய்ட்டு வந்துடப் போறாங்க, தம்பியைப் பார்த்துக்கச் சொல்லுங்க. தடைக்காலம் முடிஞ்சு அவன் கடலுக்குப் போயிட்டா உள் கரண்டு நாள்களுக்கு நீங்கதான் கூட இருக்கணும், இப்பவே லீவுக்குச் சொல்லி வைங்க.

ஸ்டென்ட் வச்ச பிறகு வர்ற கிரியாட்டினினையும் அன்னிக்கு எடையையும் இங்க போடுங்க, கணக்குப் போட்டுச் சொல்றேன்.